ஆணையமா, கோர்ட்டா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் சித்தி போன கிறிஸ்தவ சபையில் சம்பளச் சீட்டைப் பாஸ்டரிடம் காட்டித்தான் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, கணக்காகும். கேள்வி கேட்டால் 'கலகத்தின் ஆவி' பிடித்துவிட்டதாம். விலகிய பிறகும் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் சாபம், மிரட்டல்.

இரண்டு வழி பார்த்தோம். பண்பாடு, மதம், மொழிச் சமூகங்களின் உரிமைகளுக்கான சி.ஆர்.எல். ஆணையம், மதம் வியாபாரமாவது பற்றி 2017இல் அறிக்கை தந்தது. விசாரிக்கும், பரிந்துரைக்கும், தண்டிக்காது. சபையின் மொத்தப் போக்கையும் சொல்ல அது சரி.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 2011ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. உத்தரவை மீறினால் கைதாகலாம். ஆனால் காணிக்கையாகப் போன பணம் இதில் திரும்பாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சித்தி கோர்ட்டுக்கே போனார். நல்லவேளை, மெசேஜ் ஒன்றையும் அழிக்கவில்லை.