தாலிக்கொடியும் பாஸ்போர்ட்டும் வைக்க ஒரு சின்னப் பெட்டகம்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பத்துக் கிலோ டிஜிட்டல் பெட்டகம் தாராளமாகப் போதும். விலை கட்டுப்படியாகும், வீடு மாறினாலும் ஒரே ஆள் தூக்கிவிடலாம். ஆனால் திருடனுக்கும் அதே வசதிதான்! பின்புறத் துளைகள் வழியாகக் கான்கிரீட் சுவரில் போல்ட் முடுக்கியே ஆகவேண்டும். அலமாரிப் பலகையில் முடுக்கினால் பலகையோடு பெயர்ந்து வந்துவிடும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் தடுப்புச் சுவரும் தாங்காது. பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் புகலிட அறை) சுவரில் துளையிடக் கட்டுப்பாடு உண்டு, கவனம்.

பெரும்பாலானவற்றுக்கு நான்கு டபுள்-ஏ பேட்டரி. சார்ஜ் குறைந்தால் விளக்கு எரியும், பூட்டு மட்டும் இழுக்காது. அப்போது அவசரச் சாவிதான் கைகொடுக்கும். அதைப் பெட்டகத்துக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். மெல்லிய தகடு தீயைத் தாங்காது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு உள்ளே சிலிக்கா ஜெல் அவசியம்.