கேட் சாவி கல்யாணத்துக்குப் போயிருந்தது

சிங்கப்பூரிலிருந்து மகனோடு ஊருக்குப் போனதில் விமானம், திருச்சியிலிருந்து வந்த கார், மருந்துக்கடை, பேங்க் வேலை எதிலும் குறையில்லை. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்து வாசலில் வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்களே ஓர் இரும்புக் குழாய், அதைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

மாடும் பைக்கும் நுழையக்கூடாதென்று போட்டது. ஆள் ஒருக்களித்துப் புகுந்து, அரைச்சுற்றுச் சுற்றி உள்ளே போகலாம். என் மகனுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலிதான். நாற்காலியின் கால்தட்டு முதல் வளைவிலேயே முட்டிக்கொண்டது. பக்கத்திலேயே லாரி போகிற அகலத்துக்குப் பெரிய கேட், அதில் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் நீடாமங்கலத்தில் வைகாசி முகூர்த்தத்தில். போன் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, அவர் குரல் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை, உள்ளே அன்றைக்கு நடந்துகொண்டிருந்ததே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான விளையாட்டு. சனிக்கிழமை தோறும் நடக்கிறதாம். "மத்த பிள்ளைங்கல்லாம் எப்படிங்க உள்ள வருதுங்க?" என்று வாசலில் நின்றவர்களைக் கேட்டேன். "தூக்கிட்டுப் போயிடுவோம் சார். இதுல என்ன இருக்கு?"

சொல்லி வாய் மூடவில்லை, நாலு பையன்கள் ஓடி வந்து நாற்காலியோடு அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் மகன் முகம் சிவந்துவிட்டது. சிங்கப்பூரில் அவன் பயிற்சிக்குப் போகும் இடத்தில் நாற்காலியில் கை வைக்குமுன் கேட்பார்கள். என்னையல்ல, அவனை. இங்கே அவனிடம் யாரும் கேட்கவில்லை, என்னிடமும்தான். நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதுதான் நம் ஊர்ச் சிக்கல். தூக்குவதற்கு நாலு கை எப்போதும் இருக்கிறது. அதனால் கேட்டைத் திறந்து வைக்க ஒருவருக்கும் அவசரமில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, விளையாட்டு வசதிகளை இவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்கச் சொல்கிறது. அதே 2016-ல்தான் சேலத்து மாரியப்பன் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே நடத்துகிறார்கள். எல்லாம் இருக்கிறது, சாவிதான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

சரி, உள்ளே போனோம். போனதும் என் கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. ஷட்டில் கோர்ட் சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து போச்சியா ஆடிக்கொண்டிருந்தார்கள்! 1984-லிருந்து பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். ஆறு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து, ஒரு வெள்ளை. வெள்ளைக்கு யார் நெருக்கமாகப் போடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. பாரிஸில் 2024-ல் சிங்கப்பூரின் ஜெரலின் டான் இதில் வெள்ளி வாங்கியபோது என் மகன் வீட்டையே இரண்டாக்கினான். இங்கே பந்துகள் தையல்காரர் தைத்துக் கொடுத்த துணிப் பந்துகள், உள்ளே புளியங்கொட்டை. கையால் எறிய முடியாதவர்கள் பந்தை உருட்டிவிட சரிவுப்பலகைக்குப் பதில், நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் பைப். சிறப்பாசிரியர் சொந்தக் காசில் செய்தது. ஊர்ப் பிள்ளைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சரிக்குச் சரி ஆடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. சரிவுப்பலகையைப் பிடிக்கும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது. ஆடுகிறவன் எப்படித் திருப்பச் சொல்கிறானோ அப்படித் திருப்பவேண்டும், அவ்வளவுதான். பைப்பைப் பிடிக்க வந்த என் தங்கை மகனுக்கு இது எமகண்டம். நொடிக்கொரு தரம் திரும்பி, "டேய், கொஞ்சம் இடப்பக்கம் விடுடா" என்கிறான். அவன் ஓய்ந்தால், வெயிலில் முக்காடு போட்டு நின்ற எங்கள் அம்மா, "ராசா, மெதுவா உருட்டு" என்கிறாள். கடைசியில் என் மகன், "அப்பாயி, நீங்களும் திரும்பிக்குங்க" என்று கத்தினான். அம்மா நிஜமாகவே திரும்பி நின்றுகொண்டாள், வாய் மட்டும் நிற்கவில்லை.

சிங்கப்பூர்ப் பயிற்சியில் ஒரு குறை சொல்ல முடியாது. தோல் பந்து, லிஃப்ட், பேர் எழுதிய அட்டை. ஆனால் நேரம் முடிந்தால் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அவரவர் கிளம்பிவிடுவார்கள். அங்கே கூட ஆடுகிற ஒரு பிள்ளையும் இதுவரை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடிப்பதற்குள் மூன்று பேர் திண்ணையில்: "நேத்து தோத்ததுக்கு இன்னிக்கு ஆடணும், வரச் சொல்லுங்க."

கிளம்புமுன் ஆசிரியரிடம், "நல்ல பந்து ஒரு செட் அனுப்புறேன் சார்" என்றேன். "பந்து இருக்கட்டும் சார். அந்தக் குழாய எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் எழுதி எழுதிச் சலிச்சுட்டேன். வெளிநாட்டுக்காரர் கையெழுத்துன்னா ஒரு மரியாதை" என்றார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் 30-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, ரசீதும் வாங்கியிருக்கிறேன். மகன் தானும் போடுவேன் என்று அடம்பிடித்ததால் அவனுடைய கையெழுத்தும் அதில் இருக்கிறது. மைதானம் எதுவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பொங்கலுக்குப் போகிறவர்கள் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.