அலுமினிய வெல்டிங்கை அரித்துப் பார்க்க: காஸ்டிக் சோடாவா, கெல்லர் கரைசலா?

6061-டி6 (வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டிய அலுமினியக் கலப்புலோகம்) தகட்டில் போட்ட வெல்டிங்கைக் குறுக்கே வெட்டி, வெப்பம் தாக்கிய வலயத்தைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பட்டறைக்கோ பயிற்சிக்கூடத்துக்கோ என் தெரிவு காஸ்டிக் சோடாதான். மலிவு, ஹார்ட்வெயர் கடையில் வாங்கலாம் என்பதெல்லாம் தெரிந்த கதை. தீர்மானிப்பது, கெல்லர் என்ற அமிலக் கலவையில் சேரும் ஐதரோபுளோரிக் அமிலம்.

கெல்லர்: நீர் 95 மி.லீ., நைத்திரிக் 2.5, ஐதரோகுளோரிக் 1.5, ஐதரோபுளோரிக் 1. அந்தக் கடைசி ஒரு மில்லிலீற்றருக்குத்தான் இத்தனை பாடும். கண்ணாடியை அது தின்னும், பிளாஸ்ரிக் போத்தல்தான். தோலில் பட்டால், ஐதானதென்றால் சில மணிநேரம் வலியே தெரியாது. அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடித்துவிடும். 2.5% கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் கைக்கெட்ட இல்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது. ஜெல்லுக்கும் காலாவதி உண்டு, பார்த்து மாற்றவேண்டும். கழிவைச் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கவேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் முற்றத்தில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும்.

காஸ்டிக்குக்கு 600 இலக்கம் வரை வோட்டர் பேப்பரில் தண்ணீர்விட்டுத் தேய்த்தால் போதும். 90 மி.லீ. நீரில் 10 கிராம். சோடாவை நீரில் போடவேண்டும், நீரைச் சோடாவில் அல்ல. அலுமினியச் சட்டி வேண்டாம், முதலில் அதுதான் அரிபடும். 60–70 பாகையில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, தேவையென்றால் நீட்டலாம். குமிழி ஐதரசன், கூடவே காரத்துளியும் தெறிக்கும்: பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, யன்னல் திறந்து, நெருப்பில்லாமல் செய்யவும். மேலே படியும் கறுப்பை, சம அளவு நீர் கலந்த நைத்திரிக்கில் சில விநாடி தோய்த்து எடுக்கலாம். சிலிக்கன் கலந்த 4043 நிரப்புக் கம்பியால் போட்டிருந்தால் அதன்பிறகும் வெல்டிங் கருஞ்சாம்பலாகவே நிற்கும். அது அழுக்கல்ல, சிலிக்கன். 5356 கம்பியால் போட்டது வெளிறியிருக்கும். வார்ப்புகளுக்கும் இதே நேரம் சரிவரும் என்று சொல்லமாட்டேன்.

கெல்லர் வெல்லுமிடம் நுணுக்குக்காட்டி: மணியெல்லை (உலோக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லை), உருகுகோட்டருகே (வெல்டிங் உருகிய பகுதியின் விளிம்பருகே) மணியெல்லை உருகி விழுந்த வெடிப்பு. அதற்கு 1 மைக்ரோன் வரை மினுக்கி 10–20 விநாடி. நன்றாகக் கழுவாவிட்டால் மிஞ்சிய அமிலம் நுணுக்குக்காட்டியின் வில்லையையே கெடுக்கும்.

ஆனால் டி6 இளகியதை இரண்டுமே நேரடியாகக் காட்டாது. வலுக்கொடுத்த வீழ்படிவுகள் சாதாரண நுணுக்குக்காட்டிக்கு எட்டாத சிறுசு. கெல்லருக்குப் போகும் காசை விக்கர்ஸ் கடினச் சோதனைக்குக் கொடுக்கலாம்: உருகுகோட்டிலிருந்து 25 மி.மீ. வரை, மி.மீ.க்கு ஒரு குத்து. விக்கர்ஸ் எண் 105 அளவில் நிற்கவேண்டியது 60–70க்கு இறங்குமிடம்தான் பலவீனம். காஸ்டிக் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். குத்தின் ஓரம் தெரியாது. அரித்ததும் உருகுகோட்டைப் பக்கவாட்டில் கீறிவைத்து, திரும்ப மினுக்கிய பிறகே குத்தவும்.