மாடித்தோட்டம், ஆறு வருஷம் கழித்து

2019 ஆடியில், மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் குரோ பேக் எனும் செடி வளர்க்கும் பை பன்னிரண்டோடு ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் நாற்பது வரை போனது. இடுப்பு பேச ஆரம்பித்ததும் குறைத்துக்கொண்டேன், இப்போது இருபத்தாறு. மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் அறுவடைப் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பாடமெல்லாம் அதற்கு அப்புறம்தான் கிடைத்தது.

முதலில் பை. வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாதாரணப் பைதான் நானும் வாங்கினேன். இரண்டு வருஷம் குறை சொல்ல முடியாது. மூன்றாவது சித்திரையில், தரையைக் கூட்டுவதற்காக ஒரு கத்தரிப் பையை நகர்த்தினேன். பிடித்த இடம் கையோடு வந்துவிட்டது, மண் முழுக்கக் காலில் கொட்டியது. அடுத்த வாரத்துக்குள் இன்னும் நாலு பை. வெயில் தின்ற பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அந்தத் துணுக்குகளை மண்ணிலிருந்து பொறுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. இயற்கை உணவு என்று கிளம்பியவன் மண்ணில் பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் கனமான பச்சை நிற எச்டிபிஇ (அடர்த்தியான பிளாஸ்டிக்) பைக்கு மாறினேன். விலை அதிகம்தான், ஆனால் நாலாவது வருஷமாகத் தாங்குகிறது. ஒன்றில் மட்டும் தையல் விட்டிருக்கிறது. உண்மையில் அதிக நாள் உழைப்பது இருபது லிட்டர் பெயிண்ட் வாளிதான். நன்றாகக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டால் போதும்.

பையை நேரடியாகத் தரையில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இரண்டாவது ஐப்பசி மழையில் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரம் படிந்து, வீட்டில் ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேச்சு. இப்போது எல்லாம் இரும்பு ஸ்டாண்டில் இருக்கின்றன. நனைந்த பெரிய பை ஒன்று முப்பது கிலோ வரை வரும். அதனால் சுவரோரமாகவும் பீம் போகும் வழியிலும்தான் வைத்திருக்கிறேன்.

மண்கலவை எல்லோரும் சொல்வதுதான்: செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மூன்றும் சம அளவு. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் எழுபது லிட்டருக்குக் குறையாமல் பெருகும், சின்ன வாளியில் ஊறப் போட்டுவிட்டுத் திண்டாட வேண்டாம். அதை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முதல் நாற்றுகளின் இலை நுனி கருகிய பிறகுதான் விசாரித்தேன். அதைவிட முட்டாள்தனம் ஒன்றும் செய்தேன். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு மாதம் அதையே பீன்ஸுக்கு ஊற்றினேன். போர்வெல் தண்ணீரே உப்பு, அதில் வடிகட்டித் தள்ளிய மிச்சம் அதைவிட உப்பு. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்தபோது பீன்ஸ் போய்விட்டது.

சரி, சாப்பிட என்ன கிடைத்தது? கீரை. இதில் மட்டும் மாடித்தோட்டத்தை எந்தக் கடையும் ஜெயிக்க முடியாது. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம், அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், பொன்னாங்கண்ணி கடையில் வாங்கிய கட்டின் தண்டை ஊன்றினாலே வந்துவிடும். அடுப்பில் ரசம் கொதிக்கும்போது மேலே ஓடி ஒரு இணுக்கு கறிவேப்பிலை ஒடித்து வருவதும் அப்படித்தான். மிளகாய் நாலு செடி இருந்தால் எங்கள் வீட்டுக்குப் போதும்.

வெண்டையில்தான் ஏமாந்தேன். நாலு செடி வைத்தால் நாளுக்கு இரண்டு காய். அதை வைத்துப் பொரியல் செய்ய முடியாது. சேர்க்கலாம் என்று விட்டுவைத்தால் மூன்றாம் நாள் முற்றிவிடும். சாம்பாரில் ஆளுக்கு ஒரு துண்டு மிதந்தது. வைத்தால் பத்து செடி, இல்லையென்றால் வேண்டாம். கொடி அவரையைச் சித்திரையில் விதைத்தேன். கொடி பந்தல் நிறையப் படர்ந்தது, பூ மட்டும் இல்லை. பகல் பொழுது சுருங்கினால்தான் நாட்டு அவரை பூக்கும் என்று பிறகு தெரிந்தது. ஆடியில் விதைத்து மார்கழி, தையில் பறிக்கிற கணக்கு சும்மா வரவில்லை.

மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிப்பு. மாவுப்பூச்சியைப் பரப்பும் எறும்பைக் கட்டுப்படுத்தாவிட்டால் அதுவும் பலிக்காது. மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலம் செடிக்கு நல்லதுதான். ஆனால் டப்பா மூடியை நான் சரியாக மூடாத இரவில் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் மாடியில் மாநாடு போட்டன. எதிர்வீட்டு அக்கா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார். கத்தரியில் காய்ப்புழுவை என்னால் வெல்லவே முடியவில்லை. மூன்று பருவம் பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.

மற்ற காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது, 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. அடையாள அட்டை வாங்கிய விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேராக விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். விடிகாலையில் போனால் காயில் ஈரம் காயாமல் இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் நான் போவதில்லை. உழவர் சந்தை என்றால் எல்லாம் மருந்தடிக்காத காய் என்று நினைக்கக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். முன்பெல்லாம் பளபளவென்று இருக்கிற கத்தரியாகப் பொறுக்குவேன். கத்தரி வளர்த்துத் தோற்ற பிறகு ஒருநாள் ஓட்டை விழுந்த காயைக் காட்டி, "மருந்து அடிக்கலையா ஆத்தா?" என்று கேட்டேன்.

"அடிச்சா ஏன் தம்பி ஓட்டை விழுகுது? புழு திங்காததை நீ திங்கப் போறியா?"

அந்தப் பாட்டியிடம்தான் இப்போதும் கத்தரி வாங்குகிறேன். பேரம் பேசுவதில்லை. பத்துக் காய் எடுக்க என்ன பாடு என்று தெரியும்.

பணக் கணக்கு கேட்பார்கள். முதல் வருஷம் ஐயாயிரத்துக்குக் கிட்ட செலவு, காயாக அது திரும்பி வரவில்லை. பிறகு வருஷத்துக்கு ஆயிரத்து ஐநூறு, கீரையும் கறிவேப்பிலையும் அதை ஈடுகட்டிவிடுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளையை (கிட்) விசாரித்துவிட்டு இறங்கலாம். பை, நார்க்கழிவு, விதை எல்லாம் அதிலேயே இருக்கும். தினமும் காலையில் இருபது நிமிஷம் கட்டாயம். அக்னி நட்சத்திரத்தில் ஊருக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் தண்ணீர் ஊற்ற ஆள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த ஆடிக்குக் கத்தரி இல்லை. அவரை நாலு, வெண்டை பத்து, மிச்சமெல்லாம் கீரை. தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள், காலி பெயிண்ட் வாளி நாலு வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.