பைக்குக்கு சைடுகார் மாட்ட அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடப்பார், மாடிப்படியும் ஏறுவார். பைக்கில் பின்னால் ஏறி உட்காருவதுதான் முடியாது. அப்பா இருந்த காலத்தில் சைடுகார் (பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு மாட்டும் இருக்கைப் பெட்டி) வைத்த ஸ்கூட்டரில்தான் நாங்கள் குடும்பத்தோடு அழகர்கோவிலுக்குப் போவோம். அந்த நினைப்பில்தான் என் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 பைக்குக்கு சைடுகார் மாட்ட ஆசைப்பட்டேன். ₹1,40,000 செலவழித்தேன். இன்றுவரை அம்மாவை ஒருநாள் கூட அதில் உட்கார வைக்கவில்லை. உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை. இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வேறு ஊரில் இருக்கும் ஒரு பட்டறை அது. வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை. வீடியோக்களில் அவர்கள் செய்த வண்டிகள் கண்ணைப் பறித்தன: பெயின்ட், தையல் போட்ட சீட், குரோம் கம்பி. நேரில் போனேன். "நாப்பது வண்டிக்கு மேல மாட்டியாச்சு சார், ஒரு கம்ப்ளைன்ட் கிடையாது" என்றார் முதலாளி. அதில் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "கஸ்டமர் வண்டி சார், எடுக்கக் கூடாது." அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். எழுபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டாமா என்றும் கேட்டேன். அவர் சட்டமே சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல், பிரிவு 2(27)-இல், மோட்டார் சைக்கிள் என்றாலே கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரும் சேர்த்திதான், அதனால் அனுமதி எதுவும் தேவையில்லை என்றார். அந்த வரையறை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஏமாந்ததும் அதனால்தான். அதே சட்டத்தின் பிரிவு 52-ஐ அவர் சொல்லவே இல்லை. கம்பெனி கொடுத்தபடி ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. சைடுகார் வந்தால் வண்டியின் எடை மாறுகிறது, இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை வைத்துக் கண்டிப்பாகத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், பிரிவு 182ஏ-வின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது இரண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் என்றவர்கள் பதினோரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன், 140 கிலோமீட்டர். முதல் கிலோமீட்டரிலிருந்தே வண்டி இடது பக்கம் இழுத்தது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இடது பக்கம் ஓடியது, பிரேக் பிடித்தால் வலது பக்கம் முறுக்கியது. நாற்பது கிலோமீட்டரில் வலது தோள்பட்டை செத்துப்போய், டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கக் கை நடுங்கியது. போன் செய்தேன். "சைடுகார் புதுசுல்ல சார், பழகப் பழகச் சரியாகிடும்."

பழகட்டும் என்று ஒரு மாதம் தினமும் ஓட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியான சைடுகாரோடு சிறுமலைக்குப் போனேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவதோ ஆறாவதோ, இடது பக்கம் திரும்பும் வளைவு. வேகம் இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டது. வண்டி வலது பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும் கை தானாக ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பியது. வண்டி நேராக எதிர் ஓரத்துக்குப் போனது. மேலிருந்து பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த டிரைவர் பார்த்துப் பிடித்த பிரேக்கில்தான் நான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். இறங்கி வந்து, "அண்ணே, சக்கரம் ஒரு முழம் அந்தரத்துல நின்னுச்சுண்ணே" என்றார். திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் காலை, லாம்பிரெட்டா காலத்திலிருந்து சைடுகார் பார்த்த ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கையில் ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு, இரண்டு நீள அலுமினிய பாக்ஸ் பைப், ஒரு டேப். அவ்வளவுதான். ஒரு பைப்பை பைக்கின் இரண்டு டயரையும் ஒட்டி வைத்தார், இன்னொன்றை சைடுகார் சக்கரத்தை ஒட்டி வைத்தார். இரண்டுக்கும் நடுவில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்பக்கம் பத்திலிருந்து இருபத்தைந்து மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும், அதாவது சைடுகார் சக்கரம் பைக்கைப் பார்த்து லேசாக உள்வாங்கி நிற்க வேண்டும். என் வண்டியில் முன்பக்கம் எட்டு மில்லிமீட்டர் அதிகம். சக்கரம் வெளியே பார்த்து நின்றது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். பைக் சைடுகாரை விட்டு எதிர்ப்பக்கம் ஒன்று, இரண்டு டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் சாலையின் சரிவும் சைடுகாரின் இழுவையும் ஈடாகும். என்னுடையது சைடுகார் பக்கமே சாய்ந்திருந்தது. சைடுகாரின் அச்சு பைக்கின் பின் அச்சுக்கு முன்னால் பதினைந்து சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே கோட்டில் இருந்தன. வலது பக்கம் வேகமாகத் திரும்பினால் சைடுகாரின் முன் மூக்குப் பக்கமே கவிழ்ந்துவிடும் என்றார்.

பிறகு எடை. சைடுகாரைக் கழற்றித் தராசில் வைத்தோம். 48 கிலோ. பைக் 241 கிலோ. பைக் எடையில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. "இது ஸ்கூட்டர் சைடுகார் தம்பி. மேல புது பாடி போட்டு வித்துட்டான்." சைடுகார் சக்கரத்துக்கு பிரேக்கும் கிடையாது. காலியாக ஓட்டும்போது இருபத்தைந்து, முப்பது கிலோ மணல் மூட்டை போட வேண்டும் என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் அட்ஜஸ்ட் செய்துவிடலாம். அடுத்து அவர் காட்டியதுதான் என் வயிற்றைக் கலக்கியது. சைடுகாரை நான்கு இடத்தில் பிடிக்க வேண்டும்: கீழே இரண்டு, மேலே இரண்டு. என் வண்டியில் மூன்றுதான். இந்த மாடலில் இன்ஜினுக்கு அடியில் தொட்டில் மாதிரி ஓடும் குழாய் கிடையாது, அதனால் தனியாக ஒரு சப்ஃபிரேம் (துணைச் சட்டகம்) செய்து அதில்தான் மாட்ட வேண்டும். இவர்கள் பின் கீழ்ப் பிடிப்பை ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் பக்கத்தில் நேராக ஃபிரேமில் வெல்டு வைத்திருந்தார்கள். வெல்டுக்கு ஓரமாக, கறுப்பு பெயின்ட்டுக்குள்ளிருந்து முடி கனத்தில் ஒரு துருக்கோடு. பெரியவர் என் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டிக் காட்டினார். நகம் மாட்டியது. ஃபிரேம் விரிசல் விட்டிருந்தது. மொத்தமே எழுநூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தேன்.

போட்டோக்களோடு பட்டறைக்குப் போனேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியல சார்" என்றார் முதலாளி. இரண்டு சக்கரம் ஓட்டிப் பழகியவனுக்கு சைடுகார் வண்டி புதுசு என்பதை நான் மறுக்கவில்லை. பைக் மாதிரி சாய்த்துத் திருப்ப முடியாது, கார் ஸ்டீயரிங் மாதிரி ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும், சக்கரம் எழும்பினால் வளைவிலேயே பிடித்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலரேட்டரைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்து, காலி மைதானத்தில் ஓட்டவைத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பதும் பணம் வாங்கியவர் வேலைதான். சரி, ஓட்டத் தெரியாததற்கும் ஃபிரேம் விரிசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதில் இல்லை. பில்லைப் பாருங்கள் என்றார். அதில் "அக்சசரி பிட்டிங்" என்று மட்டும் இருந்தது. சைடுகார் என்ற சொல்லே இல்லை. தொகையும் ₹60,000தான், மீதியை ரொக்கமாக வாங்கியிருந்தார்.

நீங்கள் மாட்டப் போவதாக இருந்தால், பில்லில் சைடுகார் என்ற சொல்லும் முழுத் தொகையும் வண்டி எண்ணும் வர வேண்டும் என்று அடம்பிடியுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு பட்டறைக்குப் போங்கள். நான்கு பிடிப்பும் எங்கெங்கே வரும் என்று உங்கள் வண்டியிலேயே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரேமில் வெல்டு வைப்போம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சைடுகார் எடை, சக்கரத்துக்கு பிரேக் உண்டா, சக்கரத்தின் உள்வாங்கல், பைக்கின் சாய்வு, அச்சின் முன்தள்ளல் ஆகிய மூன்று அளவுகளும் எவ்வளவு என்று கேளுங்கள். டேப் எடுக்காமல் கண்ணால் பார்த்தே சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அவர் ஏற்கெனவே மாட்டிய வண்டியின் உரிமையாளர் ஒருவரோடு பேசாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1915 நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. நான் பெரியவர் எடுத்த அளவுகள், தராசு ரசீது, விரிசலின் போட்டோ, பட்டறையோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். புது ஃபிரேம் போட்டால்தான் வண்டி சாலைக்கு வரும். அதுவரை பைக் போர்டிகோவில் நிற்கிறது. ஆட்டோவில்தான் அம்மாவை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் வருகிறேன்.