தரைக்கு மேல் வைக்கும் நீச்சல் குளம்: சுற்றிலும் போட்டதில் எது நின்றது, எது போனது

எங்களிடம் இருப்பது இரும்புச் சட்டம் போட்ட வட்டக் குளம். 15 அடி விட்டம், 4 அடி உயரம். சில வருஷமாக ஒரே இடத்தில்தான் நிற்கிறது, தண்ணீரைப் பிடித்து வைக்கும் வினைல் உறையான லைனரை இன்னும் மாற்றவில்லை. இங்கே எழுதப்போவது குளத்தைப் பற்றி இல்லை, அதைச் சுற்றி இருக்கும் இடத்தைப் பற்றி. குளம் விற்பவர்கள் பம்ப், ஃபில்டர், குளோரின் எல்லாம் விலாவாரியாகச் சொல்வார்கள். சுற்றி என்ன செய்யலாம் என்று கேட்டால் மட்டும் "செடி வைங்க, அழகா இருக்கும்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். படங்களைப் பார்த்தாலும் சுவரை ஒட்டிப் பூச்செடி, பாறை, மரப்பட்டைச் சீவல் என்று கண்ணைப் பறிக்கும். அவை எல்லாம் வேலை முடிந்த அன்று எடுத்த படங்கள். இரண்டு மழைக்காலம் போன பிறகு யாரும் கேமராவை எடுப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து முதல் 3 அடி வேலை செய்வதற்கான இடம், அழகு பார்ப்பதற்கு இல்லை. அங்கே கல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம். செடி, பாறை, விளக்கு, உட்காரும் பலகை எல்லாம் அதற்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தள்ளி வைத்தால் அழகு குறையும் என்று தோன்றும், ஆனால் கொஞ்சம் தூரத்தில் நின்று பார்த்தால் செடி முன்னால் இருக்கிறது, குளம் பின்னால் இருக்கிறது, நடுவில் உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரியாது.

ஏன் 3 அடி? எங்கள் குளத்தில் மூன்றரை அடிக்குத் தண்ணீர் நிரப்பினால் சுமார் 17,500 லிட்டர். பதினேழரை டன் எடையைத் தாங்குவது கீழே இருக்கும் மண்ணும் சுற்றி நிற்கும் மெல்லிய இரும்புக் கால்களும்தான். தரை ஒரு பக்கம் 2 அங்குலம் இறங்கினால் அந்தப் பக்கம் தண்ணீரும் 2 அங்குலம் ஆழமாகும், அங்கிருக்கும் கால்கள் வெளிப்பக்கம் சாயத் தொடங்கும். அதனால் அவ்வப்போது சுற்றி வந்து ஒவ்வொரு காலும் நேராக நிற்கிறதா, இணைப்பில் துரு ஏறுகிறதா, அடியில் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாக வேண்டும். இடுப்பு உயரச் செடிக்குள் புகுந்து யாரும் அதைச் செய்யமாட்டார்கள். இன்று நாளை என்று தள்ளிப்போடுவார்கள். துரு அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும்.

சரி, கல்லுக்கு வருகிறேன். வட்டத்தில் ஒரு பாதிக்கு உருண்டைக் கூழாங்கல், மறு பாதிக்கு உடைத்த ஜல்லி என்று பிரித்துப் போட்டுத்தான் தொடங்கினோம், எது தேவலாம் என்று பார்க்கலாமே என்று. வெறுங்காலுக்குக் கூழாங்கல் சுகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஓரிடத்தில் நிற்காது. நடக்க நடக்க ஒதுங்கி, ஏணிக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்துவிடும். சின்னக் கற்கள் பிள்ளைகளின் கால்விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு குளத்துக்குள் போய்ச் சேரும். குளத்துக்குள் லைனர் மேல் கிடக்கும் ஒரு கல்லை ஓடி வந்து குதிக்கிற பையன் குதிகாலால் மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஜல்லி நேர் எதிர். முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும், மழைத் தண்ணீரும் கீழே இறங்கிவிடும், ஆனால் காலில் செருப்பில்லாமல் அதில் நடப்பது தண்டனை.

கடைசியில் நிலைத்தது இப்படி: சுற்றிலும் 4 அங்குலக் கனத்தில் ஜல்லி; ஏணி இறங்கும் இடத்திலும் அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியிலும் மட்டும் சொரசொரப்பான பேவர் கல். பளபளப்பான ஓடு எதுவும் வேண்டாம், ஈரக்காலுக்கு வழுக்கும். நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். கறுப்புக் கல் படத்தில் எடுப்பாக இருக்கும், மத்தியான வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. வெளிர் சாம்பலோ மணல் நிறமோ பரவாயில்லை. ஏணிக்குக் கீழே ஒரு அகலமான தொட்டியில் தண்ணீர் வைத்து, காலை அலம்பிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டோம். இத்தனை வேலையிலும் செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது அதுதான், குளத்தின் அடியில் படியும் மண் கண்கூடாகக் குறைந்தது.

ஜல்லிக்குக் கீழே ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டாயம். சிலர் செலவு மிச்சம் என்று பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்கள். அதில் தண்ணீர் இறங்காது, மேலேயே தேங்கும், தேங்கின ஈரம் சுவர் ஓரத்து இரும்பைத் தின்னும். துணி என்றால் தண்ணீரைக் கீழே விடும், ஜல்லியும் மண்ணில் புதைந்து போகாது.

களைகளில் எனக்குப் பயம் உள்ளது ஒன்றே ஒன்றுதான், கோரை. மற்ற புல் எல்லாம் லைனருக்கு அடியில் வெளிச்சம் இல்லாமல் செத்துவிடும். கோரை அப்படி இல்லை. அதன் கிழங்கு மண்ணுக்குள் உணவைச் சேர்த்து வைத்திருக்கும், முளை கூராக வரும். தார்ச்சாலையையே துளைத்து வெளியே வருகிற செடி அது, வினைல் லைனர் அதற்கு எம்மாத்திரம்! மேலே டன் கணக்கில் தண்ணீர் நிற்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. எங்கள் ஜல்லி ஓரத்தில் ஒரு நாள் துணி விரல்நுனி அளவு எழும்பி நின்றது. கல்லை ஒதுக்கித் துணியைத் தூக்கிப் பார்த்தால், வெளிர் மஞ்சளாக ஒரு முளை, நுனி ஊசி மாதிரி, துணிக்குள் பாதி ஏறியிருந்தது. மேலே பச்சையாக எதுவுமே தெரியவில்லை. இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடும், மறுபடி வரும். அதனால் கையால் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டியிருந்தது. புதிதாகக் குளம் வைக்கப்போகிறவர்கள் இடத்தைச் சுரண்டிச் சமன் செய்யும்போதே கிழங்கைப் பொறுக்கிவிடுங்கள். அப்புறம் லைனருக்கு அடியில் 1 அங்குலத் தடிமனுள்ள ஃபோம் பலகை போடுங்கள். களைக்கொல்லி அடிப்பதாக இருந்தால் குளம் வைப்பதற்கு வெகு முன்னாலேயே அடித்துவிட வேண்டும். எண்ணெய் கலந்த மருந்துகள் வினைலைக் கெடுக்கும்.

சமன் செய்வது பற்றி ஒரே வரி: மேட்டை வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். நிரப்பின மண் பின்னால் அமுங்கும்.

மரப்பட்டைச் சீவலைப் பலர் சிபாரிசு செய்வார்கள். செடிப் பாத்திகளுக்கு நல்லதுதான், குளத்தின் ஓரத்துக்குச் சுத்தமாக ஒத்துவராது. பெருமழையில் மிதந்து இடம் மாறும், கரையானுக்கும் எறும்புக்கும் விருந்து, ஈரத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து வைக்கும். செயற்கைப் புல் வெயிலில் கொதிக்கிறது, அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல.

இப்போது 3 அடிக்கு வெளியே. இங்கே செடிகளைப் பொறுத்தவரை நான் பார்ப்பது மூன்று விஷயம்: இலை உதிர்க்குமா, வேர் பக்கவாட்டில் ஓடுமா, முள் இருக்குமா. காகிதப்பூ மூன்றில் இரண்டில் அடிபடுகிறது. முள்ளும் உண்டு, அந்த மெல்லிய வண்ண இதழ்கள் காற்றில் பறந்து நேராக ஃபில்டர் கூடையில் போய் அடைக்கவும் செய்யும். அழகில் அதற்கு ஈடில்லை, ஆனால் காற்றடிக்கும் திசையில் வைக்காதீர்கள். அரளி உப்பையும் வெயிலையும் தாங்கும் என்பதற்காகக் குளத்தோரம் வைப்பார்கள். செடி முழுக்க விஷம், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் எனக்கு அது வேண்டாம். ஓடும் வகை மூங்கிலை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எங்களிடம் நன்றாக வந்தவை கல்வாழை, எலுமிச்சைப்புல், குரோட்டன்ஸ். சரிவான பக்கத்தில் வெட்டிவேர் வைத்திருக்கிறோம், அதுதான் என் செல்லப்பிள்ளை. அதன் வேர் பக்கத்தில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், பல அடி ஆழம் போகும், மண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளும். மேட்டிலிருந்து மழைத் தண்ணீர் அடித்துவந்து குளத்தின் அடி மணலை அரிப்பது நின்றதற்கு அந்த வெட்டிவேர் வரிசையும், அதற்கு மேலே தோண்டின ஒரு ஆழமில்லாத வாய்க்காலும்தான் காரணம். கூரைத் தண்ணீர் விழும் குழாயையும் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டோம். செடியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு மழையில் குடையோடு நின்று பாருங்கள்.

தேனீ மொய்க்கிற பூச்செடிகளை நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். தரையை மூடிப் படர்கிற அடர்த்தியான செடியும் வேண்டாம், எலியும் பாம்பும் ஒளிய இடம் கிடைக்கும், எலி லைனரைக் கடிக்கும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் நின்றால் கொசு. குளத்தில் குளோரின் இருப்பதால் அங்கே வராத கொசு இந்தத் தட்டில் வரும்.

பூந்தொட்டி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். தரைக்கு மேல் நிற்கும் குளத்தின் பெரிய பாதுகாப்பே அதன் சுவர்தான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி, குளத்தின் தடுப்பு குறைந்தது 48 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் சுவர் சரியாக அந்த உயரம். ஏணியைத் தூக்கி வைத்துவிட்டால் சின்னக் குழந்தை ஏற முடியாது. அதே சுவரை ஒட்டி 16 அங்குலத் தொட்டி ஒன்றை வைத்தால் குழந்தைக்கு அந்தச் சுவர் 32 அங்குலம்தான். அலங்காரப் பாறை, பலகை, பம்ப் எல்லாமே படிக்கட்டுதான். படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், பார்க்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது. தள்ளி வைத்த பிறகும் வேலியும் பெரியவர் ஒருவரின் கண்ணும் வேண்டும், அதற்கு மாற்று எதுவும் இல்லை.

பம்பை மறைக்க எல்லோருக்கும் ஆசை. மறையுங்கள், ஆனால் சுற்றி இரண்டடியாவது காற்றோட்டம் விட்டு, கழற்றி எடுக்கக்கூடிய மரத்தட்டியாக வையுங்கள். செடியால் மறைத்தால் காய்ந்த இலை மோட்டாரில் அடையும். மின் இணைப்புக்கு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். விளக்குகளைத் தண்ணீரிலிருந்து தள்ளி, மஞ்சள் வெளிச்சத்தில் வைத்தால் பூச்சி குறைவாக விழும்.

மர மேடை கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கட்டலாம், ஆனால் அதன் எடை தன் சொந்தக் கால்களில்தான் நிற்க வேண்டும், குளத்தின் விளிம்பில் ஒரு கிலோகூட ஏறக்கூடாது. மேடை போட்டால் சுவரின் பாதுகாப்பு அந்தப் பக்கம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்து, பூட்டுகிற கதவோடு கட்டுங்கள்.

புல்தரை இருந்தால் நைலான் நூல் சுழலும் புல்வெட்டியைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், ஒரு உரசலில் லைனர் போய்விடும். 3 அடி ஜல்லி இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. உரம் போடும்போதும் கவனம் வேண்டும். உரத்தூள் குளத்தில் விழுந்தால், யூரியாவில் இருக்கும் நைட்ரஜன் குளோரினைத் தின்றுவிடும், பாஸ்பேட் உரம் பாசிக்கு உணவாகும். எவ்வளவு குளோரின் போட்டாலும் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பக்கத்துப் பாத்தியில் என்ன போட்டார்கள் என்றும் ஒருமுறை பார்க்கலாம்.

கடைசியாக, குளத்தைக் காலி செய்யும் தண்ணீர். குளோரின் போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, சோதனைப் பட்டையில் பூஜ்யம் காட்டிய பிறகு நாங்கள் புல்லுக்கும் கல்வாழைக்கும் விடுகிறோம், ஒன்றும் கருகவில்லை. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது. அந்த வகையில் லிட்டருக்குச் சுமார் 3 கிராம் உப்பு இருக்கும், எங்கள் அளவுக் குளத்துக்கு அது 50 கிலோவைத் தாண்டும், அத்தனையும் மண்ணில் இறங்கும். அந்தக் கருவிக்கு மாறும் எண்ணம் இருந்தால், தண்ணீர் வெளியேறும் குழாயைச் செடிப் பக்கம் விடாமல் வடிகாலுக்குத் திருப்பிவிட்டு அப்புறம் மாறுங்கள்.