கியூபெக் முதல் பாஸ்டன் வரை: இலையுதிர் காலக் கப்பல் பயணம்

அக்டோபர் தொடக்கத்தில் கியூபெக் நகரில் ஏறி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே கடலில் இறங்கிப் பாஸ்டனில் முடிந்த இப்பயணத்தில், கொடுத்த பணத்துக்கு ஈடாக அமைந்தது, மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ற கரைகளை மேல்தளத்திலிருந்து குளிரில் நடுங்கியபடியே பார்த்துக்கொண்டிருந்த காலைப்பொழுதுதான். வழியிலுள்ள கனடியத் துறைமுகமான ஹாலிஃபாக்ஸில், 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் இறந்தோரில் 121 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ஃபேர்வியூ கல்லறைத் தோட்டத்துக்கு வாடகைக் காரில் நாங்களே சென்று வந்தோம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவைவிட அது மலிவாகவே முடிந்தது. பெரிய கப்பல்கள் கரையணைய இயலாத அமெரிக்கக் கடலோர ஊரான பார் ஹார்பரில், கரைக்கு அழைத்துச் செல்லும் சிறு படகுக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, தாமதத்தின் காரணத்தை ஒருவரும் அறிவிக்காதது எரிச்சலூட்டியது. உணவில் குறையில்லை. சன்னலில்லாத உள்ளறையைத் தேர்ந்தெடுத்தது மட்டும் என் கஞ்சத்தனம். இந்தப் பருவத்தில் கரையைப் பார்க்கத்தானே கப்பலேறுகிறோம்.